வீட்டுக்குள் பெயர் சொல்லும் கருவிகள்



சென்ற பாடசாலை விடுமுறையில் என் மனைவியின் தங்கை, பிள்ளைகளோடு புத்தளத்திலிருந்து மண்கும்பானுக்கு வந்திருந்தார். வந்த மறுநாள் மூத்த மகளுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் அச்சிட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் சிறிய பிரிண்டர் ஒன்று உண்டு. மாணவர்களுக்குப் பாடக் குறிப்புகள் அச்சிடுவதற்காக நான் வாங்கியது. வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தேன். பிள்ளை தன் போனில் "அச்சிடு" என்ற இடத்தைத் தொட்டதும் அந்தப் பிரிண்டரின் பெயர் திரையில் தானாக வந்து நின்றது. சற்று நேரத்தில் தாளும் வெளியே வந்துவிட்டது.

எல்லோரும் மகிழ்ந்தோம். மச்சினி மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

"மச்சான், இந்தப் போன் இதுக்கு முந்தி உங்கட வீட்டுக்கு வந்ததில்லையே! பிரிண்டர்ட பேரை இதுக்கு யார் சொன்ன?"

"பிரிண்டரே சொன்னது" என்றேன்.

"அப்ப என்ட மகள்ட போனும் தன்ட பேரைச் சொல்லியிருக்குமே. அது யார் யாருக்குக் கேட்டிருக்கும்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. மகள் வெளியூரில் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மேலே விடுதி, கீழே கடைகள். எல்லோருக்கும் ஒரே வைஃபை, ஒரே கடவுச்சொல். சில மாதங்களுக்கு முன் அறிமுகமே இல்லாத ஓர் இளைஞன் அவளுடைய முழுப்பெயரைச் சொல்லி முகநூலில் செய்தி அனுப்பியிருக்கிறான். பெயரை யார் கொடுத்தார்கள் என்று தாய் யார் யாரையோ சந்தேகித்திருக்கிறார். மகளின் தோழிகளையும் விட்டுவைக்கவில்லை. மகளோ, தான் யாரிடமும் சொல்லவில்லை என்று அழுதிருக்கிறாள்.

போனை வாங்கி, அதற்கு இடப்பட்டிருந்த பெயரைப் பார்த்தேன். மகளின் முழுப்பெயர், அதன் பின்னே "ஐபோன்". அந்த இளைஞனுக்குப் பெயர் கிடைத்த வழி இதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இதுவும் ஒரு வழி. பிள்ளை வாய் திறக்காமலேயே, அவளுடைய கையிலிருந்த கருவி அந்தக் கட்டடம் முழுவதற்கும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த விஷயம் ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று என்பதால், இம்மாதம் இதையே எழுத நினைத்தேன்.

இலக்கமும் பெயரும்

ஒரு விருந்துக்குப் போகிறோம். வாசலில் நிற்பவர், "நீங்கள் பன்னிரண்டாவது சஹனில் அமருங்கள்" என்கிறார். நாளைய விருந்தில் நமக்கு வேறு சஹன் கிடைக்கலாம். நம் பெயர் மாறுவதில்லை, அமரும் இடத்தின் இலக்கம்தான் மாறுகிறது.

வீட்டிலுள்ள ரவுட்டர் செய்வதும் இதைத்தான். போன், மடிக்கணினி, டீவி, பிரிண்டர் என்று எது உள்ளே வந்தாலும் அதற்கு ஓர் இலக்கத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு இரவல் கொடுக்கிறது. 1997இல் வெளியான விதிமுறையின்படியே இந்த இரவல் இன்றும் நடக்கிறது. இரவல் என்பதால் நேற்றைய இலக்கம் இன்று இருக்கும் என்று உறுதியில்லை. கருவிகள் பேசிக்கொள்வது இலக்கத்தில், மனிதர் நினைவில் வைப்பது பெயரை. இரண்டையும் பொருத்திவைக்க யாராவது வேண்டும்.

ஊரில் அந்த வேலையைப் பள்ளிவாசல் ஜமாஅத்துப் பதிவேடு செய்கிறது. யார், எந்த வீடு என்று செயலாளரிடம் கேட்டால் புரட்டிப் பார்த்துச் சொல்வார். இணையத்தின் தொடக்க காலத்திலும் அப்படி ஒரே ஒரு பதிவேடுதான் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரித்த அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி, எலிசபெத் ஃபைன்லர். புதிய கணினி ஒன்றுக்குப் பெயர் வேண்டுமென்றால் அவருடைய அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். கணினிகள் பெருகியபோது ஒரு பதிவேடு போதவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பதிவேட்டைப் பல கிளைகளாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கிளை வந்தது. நம் நாட்டின் ".எல்கே" கிளை 1990இல் பதிவானது. 2010இல் ".இலங்கை" என்று தமிழ் எழுத்திலேயே ஒரு கிளையும் கிடைத்தது.

1990 என்று எழுதும்போது கை சற்று நிற்கிறது. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். சோனகத் தெருவிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்த பின், உம்மா எத்தனை வரிசைகளில் நின்று எங்கள் பெயர்களைச் சொன்னார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அரிசிக்கு ஒரு பட்டியல், கூடாரத்துக்கு ஒரு பட்டியல், பாடசாலைக்கு ஒரு பட்டியல். பெயர் எழுதப்படாவிட்டால் பங்கு இல்லை. எழுதப்பட்டால் அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. எங்கள் தலைமுறைப் பெண்கள் "பெயரை யார் கேட்டது?" என்று இன்றும் கேட்பது வீண் பயத்தினால் அல்ல. மச்சினியின் கேள்வியை நான் சிரித்துத் தள்ளாததற்கும் அதுவே காரணம்.

செயலாளர் இல்லாத வீடு

வீட்டுக்குள் ஜமாஅத்துச் செயலாளர் யாரும் இல்லை. அங்கே பெயர்கள் இரண்டு வழிகளில் பதிவாகின்றன.

முதலாவது, ரவுட்டரின் பட்டியல். போன் இலக்கம் கேட்கும்போதே பெரும்பாலும் தன் பெயரையும் சொல்லிவிடும். ரவுட்டர் அதைக் குறித்துக்கொள்ளும். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் "இணைந்துள்ள கருவிகள்" என்ற பட்டியலைக் காணலாம். அது இப்படி உருவானதுதான்.

இரண்டாவது வழி இன்னும் சுவையானது. பதிவேடு இல்லாத சபையில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்வது போன்றது. வல்லுநர் தெரியாத வீடுகளிலும் கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக 1999இல் ஒரு குழு இதில் இறங்கியது. ஆப்பிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் செஷயர் இதில் முன்னின்றவர். 2002இல் அந்நிறுவனம் தன் கணினிகளில் இந்த வசதியைச் சேர்த்தது. 2005இல் அதற்குப் "பொன்ஜூர்" என்று பெயர் மாற்றினார்கள். பிரெஞ்சு மொழியில் அது ஒருவரைச் சந்திக்கும்போது சொல்லும் முகமன். 2013இல் இது பொது விதிமுறையாக வெளியானது. இன்று பிரிண்டர், டீவி, ஒலிபெருக்கி, போன் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். புதிய கருவி உள்ளே வந்ததும் முதலில் சபையைப் பார்த்து, "இந்தப் பெயரில் இங்கே யாரும் உண்டா?" என்று கேட்கிறது. கால் விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்கிறது. எவரும் மறுக்கவில்லையென்றால், "அப்படியானால் இந்தப் பெயர் எனக்கு, என் இலக்கம் இது" என்று குறைந்தது இரண்டு முறை அறிவிக்கிறது. ஏற்கெனவே அந்தப் பெயர்க்காரர் இருந்தால் சண்டை பிடிக்காமல் தன் பெயரின் கடைசியில் 2 என்று சேர்த்துக்கொள்கிறது. உங்கள் போனில் ஒரே பிரிண்டரின் பெயர் 2, 3 என்ற வாலோடு தெரிந்ததுண்டா? காரணம் இதுதான்.

பெயரைத் தேடுவது ஒன்று, வேலையைத் தேடுவது இன்னொன்று. போன், "இங்கே அச்சிடத் தெரிந்தவர் யார்?" என்று சபைக்குப் பொதுவாகக் கேட்கும். பிரிண்டர் மட்டும், "நான் இருக்கிறேன், என் பெயர் இது, இந்த வாசலுக்கு வாருங்கள்" என்று பதில் சொல்லும். "படம் காட்டத் தெரிந்தவர் யார்?" என்றால் டீவி பதில் சொல்லும். இந்தப் பேச்சு முழுவதும் 224.0.0.251 என்ற பொது முகவரியில், 5353 என்ற வாசலில் நடக்கிறது. அதைக் காதில் வாங்க விரும்பும் எந்தக் கருவியும் வாங்கலாம்.

சொன்ன பெயரும் என்றென்றைக்கும் நிற்பதில்லை. "இந்தப் பெயருக்கு இந்த இலக்கம்" என்ற செய்தியை மற்றவை வழக்கமாக 120 விநாடிகள்தான் நினைவில் வைக்கும். பிறகு மீண்டும் கேட்க வேண்டும். முறையாக நிறுத்தப்படும் கருவி, "நான் போகிறேன், என்னை மறந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டே போகும். வந்தபோது முகமன், போகும்போது விடைபெறல். இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இவ்வளவு மரியாதை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்!

பிரிண்டர் காணாமல் போனால்

"நேற்று இருந்த பிரிண்டர் இன்று காணவில்லை" என்று பல வீடுகளில் சொல்வார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் சிலவற்றைப் பாருங்கள்.

போன் வைஃபையில் இருக்கிறதா, அல்லது சிம் டேட்டாவுக்கு மாறிவிட்டதா? கருவிகளின் இந்த அறிமுகப் பேச்சு ஒரே வலையமைப்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். சிம்மில் இருக்கும் போன் தெருவில் நிற்பவருக்குச் சமம்.

வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் உண்டா? அறைகளுக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை மாட்டுகிறோம். அமைப்பு சரியில்லாவிட்டால் அது தனி வீடாகிவிடும். முன் அறையில் பேசுவது பின் அறைக்குக் கேட்காது.

போன் "விருந்தினர் வைஃபை" என்ற பிரிவில் நுழைந்திருக்கிறதா? அங்கே இருப்பவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கருவிகள் தெரியா. அது பழுது அல்ல, பாதுகாப்பு. போனில் ஒரு செயலி, "உங்கள் வீட்டு வலையமைப்பிலுள்ள கருவிகளைத் தேட அனுமதியுங்கள்" என்று கேட்டபோது மறுத்திருந்தாலும் அந்தச் செயலிக்குக் கருவிகள் தெரியாமல் போகலாம்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் பிரிண்டரையும் ரவுட்டரையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். மீண்டும் முகமன் சொல்லி ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

அறிமுகம் உண்டு, அனுமதி இல்லை

இனி மச்சினியின் கேள்விக்கு வருவோம். யார் யாருக்குக் கேட்கும்?

சொந்த ரவுட்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்குக் கேட்காது. கடவுச்சொல் தெரியாமல் தெருவில் போகிறவருக்கும் கேட்காது. ஆனால் நம் வைஃபையில் இணைந்திருக்கும் எல்லோருக்கும் கேட்கலாம். விடுதி, பேருந்து நிலையம், தேநீர்க்கடை, விமான நிலையம் போன்ற இடங்களில் நம் போன் இணையும்போது அங்கேயும் அதே அறிமுகத்தைச் செய்யும். சில பொது இடங்களில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காதபடி தடுத்து வைத்திருப்பார்கள். எல்லா இடங்களிலும் அப்படி இல்லை.

ஒரு பல்கலைக்கழக வைஃபையில் எத்தனை கருவிகள் இப்படிப் பெயர் சொல்கின்றன என்று ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். 2,957 கருவிப் பெயர்கள் சிக்கின. அவற்றில் 59 விழுக்காட்டில் உரிமையாளரின் உண்மைப் பெயர் இருந்தது. முதற்பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்தே இருந்தவை 17.6 விழுக்காடு. அவர்களில் பலர் அந்தப் பெயரைத் தாமாக வைக்கவில்லை. கருவியை முதலில் இயக்கியபோது நிறுவனத்தின் மென்பொருளே அப்படி வைத்துவிட்டது.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. ஜாபிர் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்கப்பட்டபோது, நான் என்று மட்டும் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை நபியவர்கள் விரும்பவில்லை. வாசலில் நிற்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அதில் நாம் கற்கும் ஒழுங்கு. ஸூரதுந் நூர் கற்பிக்கும் இன்னோர் ஒழுங்கு, அனுமதி பெற்ற பின்னரே பிறர் வீட்டுக்குள் நுழைவது. இரண்டும் சேர்ந்ததுதான் வாசல் மரியாதை.

கருவிகளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது இதில் பாதிதான். பெயர் சொல்லத் தெரியும். கேட்பவர் யார் என்று விசாரிக்கத் தெரியாது. சொல்லப்படும் பெயர் உண்மையா என்று சோதிக்கவும் இந்த முறையில் வழியில்லை. ஒருவன் தன் மடிக்கணினிக்கு உங்கள் பிரிண்டரின் பெயரை வைத்துக்கொண்டு, "நான்தான் அது" என்று பதில் சொல்லலாம். வீட்டாரை நம்பி அமைத்த முறை இது. வீட்டுக்குள் அது சரி. அந்நியர் நிறைந்த இடத்திலும் கருவி அதே நம்பிக்கையோடு பேசுவதில்தான் ஆபத்து.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வசதி உண்டு. ரவுட்டர்களில் "யூபிஎன்பி" என்று எழுதியிருப்பார்கள். உள்ளேயிருக்கும் கருவி கேட்டால் ரவுட்டர் வெளி உலகுக்கு ஒரு கதவைத் தானாகத் திறந்துவிடும். 2019 ஜனவரியில், இந்த அமைப்பினால் திறந்து கிடந்த கதவுகள் வழியாக வெளியாட்கள் நுழைந்து, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான வீட்டு டீவிகளில் தாங்கள் விரும்பிய காணொளியை ஓடவிட்டார்கள். அன்று வந்தது ஒரு யூடியூப் விளம்பரம். சிறு பிள்ளைகள் அமர்ந்திருக்கும் கூடத்து டீவியில் வேறு எதுவும் வந்திருக்கலாம் அல்லவா?

நிறுவனங்களும் மெல்லத் திருந்துகின்றன. 2020 முதல் ஐபோனில் ஒரு செயலி வீட்டு வலையமைப்பைத் தேடுமுன் நம் அனுமதியைக் கேட்கிறது. 2022 முதல் சாதாரணச் செயலிகளுக்கு நாம் போனுக்கு வைத்த பெயரைக் கொடுப்பதில்லை. ஆனால் நம் வீட்டுக்கு நாம்தான் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

முதல் வேலை, பெயரை மாற்றுங்கள். ஐபோனில் அமைப்புகள், பொது, அறிமுகம் என்று போனால் மேலே பெயர் இருக்கும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற இடத்தில் இருக்கும். பிள்ளையின் பெயர், பாடசாலை, ஊர், தொலைபேசி இலக்கம் எதுவும் வேண்டாம். "வேம்பு", "முத்து", "நீலம்" என்று வீட்டாருக்கு மட்டும் விளங்கும் பெயர் போதும். மடிக்கணினியையும் மறந்துவிடாதீர்கள்.

தமிழிலும் பெயர் வைக்கலாமா என்றால், விதிமுறை இடம் கொடுக்கிறது. ஒரு பெயருக்கு 63 பைட் இடம். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும், புள்ளிக்கும், கொம்புக்கும், காலுக்கும் தனித்தனியே 3 பைட் செலவாகும். ஆகவே 21 குறிகளுக்குள் அடக்க வேண்டும். சில பிரிண்டர்கள் மட்டும் தமிழ் எழுத்தை ஏற்காமல் அடம்பிடிக்கும்.

இரண்டாவது, விருந்தினர் வைஃபையைத் திறந்து, வருவோர் போவோருக்கு அதன் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பெரும்பாலான புதிய ரவுட்டர்களில் இந்த வசதி உண்டு. உதவியும் கெடாது, வீட்டுக் கருவிகளும் தனியே இருக்கும்.

மூன்றாவது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குரிய கடவுச்சொல்லை மாற்றி, யூபிஎன்பி தேவையில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளையை அருகில் வைத்துச் செய்விக்கலாம்.

நான்காவது, மாதம் ஒருமுறை ரவுட்டரின் பட்டியலைத் திறந்து வீட்டிலுள்ள கருவிகளை எண்ணுங்கள். இலக்கம் சரியாக வருகிறதா? அறியாத பெயர் ஒன்று இருந்தால் முதலில் வீட்டாரிடம் விசாரியுங்கள். விடை கிடைக்காவிட்டால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஐந்தாவது, பொது இடத்து வைஃபையில் அவசியமில்லாமல் இணைய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இணைந்தால், வேலை முடிந்ததும் துண்டிக்கச் சொல்லுங்கள்.

அன்று அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து ஐந்து போன்களுக்கும் இரண்டு மடிக்கணினிகளுக்கும் புதுப்பெயர் வைத்தோம். கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக எங்கள் வைஃபையைப் பயன்படுத்தத் தொடங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விருந்தினர் வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஏன் என்று அவர்களின் தாய்க்கும் விளக்கினேன். "எங்கட பிள்ளையளின்ர போனையும் ஒருக்காப் பாருங்கோ மௌலவி" என்று அவர் கொண்டுவந்து தந்தார். அவற்றிலும் பெண்பிள்ளையின் முழுப்பெயர்தான் இருந்தது.

எல்லாம் முடிந்த பின் மச்சினி மகளை அருகில் அழைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ சொல்லல்ல எண்டு சொன்னாய். நான் நம்பல்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளு மகள்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை "நான் சொல்லவில்லை" என்று சொன்னால், அவளைச் சந்தேகிக்கும் முன் அவள் கையிலிருக்கும் கருவியை ஒருமுறை பாருங்கள். அது சொல்லியிருக்கக்கூடும்.

வஸ்ஸலாம்.